பி.ஆர். அட்டையைப் புதுப்பிக்க வருபவர்களிடம் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியின் வேண்டுகோள்

கனடாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிரந்தர வதிவிடத்தாராக வாழும் ஒருவர், காலாவதியான தமது பி.ஆர். அட்டையை (நிரந்தர வதிவிட அட்டையை) மீண்டும் ஒருமுறை புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தார். அவருக்கு அட்டை வரவில்லை. அவருடைய அகதிப் பாதுகாப்பை முடிவுறுத்துமாறு குடிவரவு அமைச்சரின் சார்பில் மனுச் செய்யப்பட்டிருப்பதாகக் கூறும் ஆவணக் கட்டுத்தான் வந்து சேர்ந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து, நோயுற்றிருந்த தாயைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்ததே அதற்குக் காரணம். அவருடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், வீடு இங்கே இருக்கிறது, வரியும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியை அவர் அடைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டபோது, "கார்ட் இருக்குத்தானே, பிறகு பார்ப்பம் எண்டு விட்டிட்டன்" என்றார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதே விடையோடு என் மேசைக்கு முன்னால் வந்து அமர்பவர்கள் ஒருவர் இருவர் அல்லர், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் நான் விளக்க வேண்டியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டை காலாவதியானால் நிரந்தர வதிவிட உரிமை காலாவதியாவதில்லை. "கார்ட் முடிஞ்சுபோச்சு, இனி நான் இல்லீகலோ?" என்று அழுதுகொண்டே அழைக்கும் தாய்மாருக்கும், அட்டையின் திகதி முடிந்ததும் தம்மை நாடுகடத்திவிடுவார்கள் என்று நம்பி வேலைக்குப் போகாமல் வீட்டில் ஒளிந்திருந்த ஒரு இளைஞருக்கும் நான் சொன்னது இதைத்தான். வங்கி அட்டையின் திகதி முடிந்தால் கணக்கிலிருக்கும் பணம் போய்விடுவதில்லை, இதுவும் அப்படித்தான். இந்த அட்டையே 2002 ஆம் ஆண்டில்தான் அறிமுகமானது. அதற்கு முன் குடியேறியவர்களின் கையில் இருந்தது, தரையிறங்கியபோது கொடுக்கப்பட்ட ஒரு தாள் மட்டுமே. அந்தத் தாளில் காலாவதித் திகதி எதுவும் இருக்கவில்லை, அவர்களுடைய உரிமையும் அட்டை இல்லாமலே நிலைத்திருந்தது.

நிரந்தர வதிவிட உரிமை எப்போது இல்லாமற் போகும் என்பதைக் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக வரையறுத்திருக்கிறது. நீங்கள் கனேடியக் குடிமகனாகும்போது போகும். நீங்களாகவே விண்ணப்பித்துத் துறந்தால் போகும். குறிப்பிட்ட அளவு நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற வதிவிடக் கடப்பாட்டை நிறைவேற்றவில்லை என்று வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவு இறுதியானால் போகும். வெளியேற்றக் கட்டளை நடைமுறைக்கு வந்தால் போகும். அகதிப் பாதுகாப்பு குறிப்பிட்ட சில காரணங்களால் முடிவுறுத்தப்பட்டாலும் போகும். இந்தப் பட்டியலில் அட்டையின் திகதி எங்கும் இல்லை. வேலை செய்வதற்குத் தேவையான, நிரந்தர வதிவிடத்தாரின் சமூகக் காப்புறுதி எண்ணுக்கும் காலாவதித் திகதி கிடையாது, ஆகவே அட்டை முடிந்துவிட்டதென்று வேலையை விடவேண்டிய தேவையும் இல்லை. விமானத்திலோ, பேருந்திலோ, தொடருந்திலோ கனடாவுக்குத் திரும்பி வருவதற்குத்தான் செல்லுபடியாகும் அட்டை வேண்டும். இந்தக் கட்டாயம் 2003 ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கனடாவை விட்டு வெளியே போகும் எண்ணம் இல்லாதவருக்கு, அட்டை முடிந்த மறுநாளும் முந்தைய நாளைப் போன்றதே.

இதே எண்ணத்தின் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. அட்டையில் இன்னும் மூன்று ஆண்டுகள் மிச்சம் இருப்பதால் தம் உரிமையும் மூன்று ஆண்டுகளுக்குப் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஏராளம். அட்டையை உங்களுக்குக் கொடுத்த நாளில் ஓர் அதிகாரி உங்களிடம் குறை காணவில்லை என்பதற்கு மேல் அந்த அட்டை எதையும் உறுதிசெய்வதில்லை. ஐந்து ஆண்டு அட்டையை வாங்கி வைத்துவிட்டு நான்கு ஆண்டுகள் கொழும்பிலோ துபாயிலோ இருந்துவிட்டு வருபவரை, அட்டை செல்லுபடியாக இருக்கும்போதே விமான நிலையத்தில் நிறுத்தி, கடப்பாட்டை நிறைவேற்றவில்லை என்று அறிக்கை எழுத அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

மூன்றாவது ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன் பி.ஆர். அட்டையைப் புதுப்பித்தே ஆகவேண்டும் என்பது அது. இது தவறு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் செல்லுபடியாகும் அட்டை தேவையில்லை, காலாவதியான அட்டையோடும் விண்ணப்பிக்கலாம். அட்டைக்கான 50 டொலர் பெரிய தொகை அல்ல. ஆனால் அந்த அட்டைக்காகக் காத்திருந்து குடியுரிமை விண்ணப்பத்தை மாதக் கணக்கில் தள்ளிப்போடுவதும், அட்டை கையில் வந்ததும் இனி ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று அந்த எண்ணத்தையே மறந்துவிடுவதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே காலத்தில் அனுப்புவதற்கும் எந்தத் தடையும் இல்லை.

இனி நாட்கணக்கு. நிரந்தர வதிவிட உரிமையைத் தக்கவைக்க எந்த ஐந்து ஆண்டுக் காலத்தை எடுத்தாலும் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கனேடியக் குடிமகனான கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும், கனேடிய நிறுவனம் ஒன்று முழுநேரப் பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்களும் இதில் சேர்க்கப்படலாம். குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் உடலளவில் இங்கே இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்கு முன், மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளராகவோ பாதுகாக்கப்பட்டவராகவோ (அகதியாக ஏற்கப்பட்டவராகவோ) இங்கிருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாட்கள் வரை சேரும். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்த காலம் சேராது, கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் அந்தக் கணக்குத் தொடங்கும். 2015 முதல் 2017 வரை ஆறு ஆண்டுகளில் 1,460 நாட்கள் என்றிருந்த விதி 2017 அக்டோபரில் மாற்றப்பட்டுவிட்டது. அந்தப் பழைய விதியைக் கேள்விப்பட்டுத் தமக்குத் தகுதியில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பவர்களை நான் சந்திக்கிறேன்.

730 நாட்கள் இல்லாதவர் என்ன செய்வது? இப்படிப்பட்டவர்களை, அட்டை முடியப்போகிறதே என்று பயமுறுத்தி, உடனே புதுப்பிக்க விண்ணப்பிக்க வைக்கும் படிவ நிரப்பிகள் நம் கடைத்தொகுதிகளில் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: நாட்கள் போதாதென்ற உண்மையை உங்கள் கையெழுத்தோடு அரசின் முன் வைக்கிறது. கனடாவில் இருக்கும் ஒருவர், பயணம் எதுவும் செய்யாமல், விண்ணப்பமும் அனுப்பாமல், 730 நாட்கள் நிறைவடையும்வரை இங்கேயே தங்கியிருப்பது சட்டத்துக்கு உட்பட்டது. கணக்கிடும் ஐந்து ஆண்டுகள் உங்களோடு சேர்ந்து முன்னே நகர்ந்துகொண்டிருப்பதால், காலம் போகப்போகப் பற்றாக்குறை சரியாகிவிடும். நாட்களைக் கூட்டிச் சொல்லாதீர்கள். விமானத்தில் வெளியேறுபவர்களின் விவரங்களும் இப்போது அரசிடம் போய்ச் சேர்கின்றன. பொய்த் தகவலுக்காக வரும் சிக்கல், நாட்கள் போதாமையால் வரும் சிக்கலைவிடப் பன்மடங்கு கடுமையானது.

அட்டை இல்லாமல் வெளிநாட்டில் அகப்பட்டுக்கொண்டவர்கள் நிரந்தர வதிவிடத்தாருக்கான பயண ஆவணத்துக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் அட்டைக்கான விண்ணப்பத்தைக் கனடாவுக்குள் இருந்துதான் செய்யலாம். புதிய அட்டையை இங்குள்ள உறவினர் வாங்கித் தபாலில் அனுப்பிவைப்பார் என்று திட்டமிட்டு விமானம் ஏறுவது மிகத் தவறான யோசனை. பயண ஆவணம் மறுக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவிடம் மேன்முறையீடு செய்ய வேண்டும். முந்தைய 365 நாட்களுக்குள் ஒருமுறையேனும் கனடாவில் இருந்தவர், மேன்முறையீட்டுக்காகத் திரும்பிவர ஆவணம் கேட்க முடியும். மறுப்புக் கடிதத்தை ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் கொண்டுவருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இனி, இந்தக் கட்டுரையை நான் யாருக்காக எழுதுகிறேனோ அவர்களிடம் வருகிறேன். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டதன் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர்களே, உங்கள் நிலை குடும்ப ஆதரவில் வந்தவரின் நிலையும் அன்று, தொழில்திறன் அடிப்படையில் வந்தவரின் நிலையும் அன்று. 2012 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, சொந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே மீண்டும் நாடினீர்கள் என்ற காரணத்தால் உங்கள் அகதிப் பாதுகாப்பு முடிவுறுத்தப்பட்டால், அதனுடனேயே உங்கள் நிரந்தர வதிவிட உரிமையும் போய்விடும். அதற்கு முன், நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டவரை இது அசைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த நம்மவர்கள் பலர் அந்தப் பழைய காலத்து அறிவுரையைத்தான் இன்னும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டைப் பெறுவதும் புதுப்பிப்பதும் அந்த நாட்டின் பாதுகாப்பை நாடியதாக ஓர் அனுமானத்தை உண்டாக்குகின்றன. அந்தக் கடவுச்சீட்டில் இலங்கைக்கே போய்வந்தால் அனுமானம் இன்னும் வலுப்பெறுகிறது. அதை மறுத்து நிறுவும் பொறுப்பு உங்களுடையது. இலங்கைக்குப் போகவில்லை, திருமணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னைக்குத்தான் போனேன் என்பதும் முழுப் பாதுகாப்பு அன்று, ஏனெனில் நீங்கள் காட்டியது இலங்கைக் கடவுச்சீட்டு. இதற்குக் கால வரம்பு கிடையாது. பத்து ஆண்டுகளுக்கு முன் செய்த பயணத்தைக்கூட இன்று எடுத்து முன்வைக்கலாம். முடிவு பாதகமாக வந்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவிடமோ அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவிடமோ போக முடியாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நீதித்துறை மறுஆய்வு கோருவது ஒன்றே வழி. வதிவிடக் கடப்பாட்டில் தவறியவருக்குச் சட்டம் கொடுக்கும் இரக்கம்கூட, இருபது ஆண்டுகள் இங்கே உழைத்தவருக்கு இந்த இடத்தில் கிடைப்பதில்லை என்பதை நான் அநீதியாகவே கருதுகிறேன். ஆனால் என் கருத்தை வைத்து உங்கள் கோப்பு தீர்க்கப்படப் போவதில்லை.

2022 ஆம் ஆண்டில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் கலிந்தோ கமாயோ வழக்கில் அளித்த தீர்ப்பு ஓரளவு ஆறுதலானது. பயணம் செய்தவருக்கு அதன் விளைவுகள் தெரிந்திருந்தனவா, எதற்காகப் போனார், அவரைத் துன்புறுத்தியது அரசா வேறு யாருமா, அங்கே ஒளிந்து பாதுகாப்பாக நடந்துகொண்டாரா, விளைவு எவ்வளவு கடுமையானது என்பவற்றையெல்லாம் தனித்தனியே ஆராய வேண்டும் என்று அது சொல்கிறது. வாதாடுவதற்கு இது இடம் கொடுக்கிறது. பயணம் போவதற்கான உத்தரவாதமாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த அபாயம் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தோடு முடிந்துவிடுகிறது. குடிமகனின் அகதிப் பாதுகாப்பை முடிவுறுத்தி அவரை வெளியேற்ற முடியாது. பொய் சொல்லியோ முக்கிய விவரத்தை மறைத்தோ பெற்ற குடியுரிமையைத்தான் பறிக்கலாம். அட்டையை எத்தனை தடவை புதுப்பித்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உங்கள் ஐந்தாண்டுப் பயண வரலாற்றை நீங்களே எழுதி ஒப்படைக்கிறீர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இதனினும் வேதனையான ஒன்று உண்டு. அட்டையைப் புதுப்பிப்பதற்கு இலங்கைக் கடவுச்சீட்டு வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பயணம் போகும் எண்ணமே இல்லாமல், ரொறன்ரோவில் உள்ள தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்று கடவுச்சீட்டு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அகதிகளுக்கான கனேடியப் பயண ஆவணம் அதற்காகத்தான் இருக்கிறது.

அதே நேரத்தில், ஏற்கெனவே இலங்கைக்குப் போய்வந்துவிட்ட அகதிகள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம். குடியுரிமை விண்ணப்பமும் பயணங்களைக் கேட்கிறது. பாதுகாப்பை முடிவுறுத்தும் மனு பற்றிய முடிவு வரும்வரை அந்த விண்ணப்பத்தை இடைநிறுத்தி வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இத்தகையவர்கள் அட்டை, குடியுரிமை இரண்டில் எதற்கும் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரின் நிலையும் வேறுபடலாம். கணவர் அகதியாக ஏற்கப்பட்டு, மனைவி பின்னர் அவருடைய விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டு வந்திருந்தால், மனைவிக்கு இதே அபாயம் இருக்க வேண்டுமென்பதில்லை. உங்கள் பழைய தீர்ப்புக் கடிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

குற்ற வழக்குகளைப் பற்றி ஒரே ஒரு பத்தி. 2018 டிசம்பர் 18 முதல் மது அருந்தி வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதனால், அபராதத்தோடு முடிந்த தீர்ப்பாக இருந்தாலும், நிரந்தர வதிவிடத்தார் ஒருவர் பாரதூரமான குற்றத்துக்காக நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகக் கருதப்படக்கூடும். குடிமகனுக்கு இந்தப் பேச்சே இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதும், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும்போதும் குடியுரிமை பெற முடியாது என்பதால், பிரச்சினை வந்த பிறகு குடியுரிமையை நாடி ஓடிவருவது பயன் தராது. உங்கள் மகன் பதினெட்டு வயதைத் தாண்டி, வாகனம் ஓட்டத் தொடங்கி, இன்னும் நிரந்தர வதிவிடத்தாராகவே இருக்கிறான் என்றால் இந்தப் பத்தியை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டால் அடிக்கடி வரும் விடை ஆங்கிலம். மொழிச் சான்றும் கனடா பற்றிய அறிவுப் பரீட்சையும் 18 வயது முதல் 54 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டுமே. 55 வயதாகிவிட்ட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டுமே இல்லை. பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருபது ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்த ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பிள்ளையள் சொல்லேல்லையே" என்றார். 54 வயதுக்கு உட்பட்டவர்களிடமும் கேட்கப்படுவது கனேடிய மொழித் தரநிலையில் நான்காம் நிலைப் பேச்சும் கேட்டலும் மட்டுமே. வாசிப்பும் எழுத்தும் கேட்கப்படுவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கான இலவச மொழி வகுப்பில் அந்த நிலையை எட்டியதற்கான சான்றிதழே போதும். பரீட்சையில் 20 கேள்விகள், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதற்குரிய கையேட்டை அரசு இலவசமாகவே தருகிறது.

கட்டணம் இன்னொரு காரணம். வயதுவந்த ஒருவருக்கு 600 டொலருக்குச் சற்று மேல் ஆகும், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல என்பதை அறிவேன். எல்லோருக்கும் ஒன்றாகக் கட்ட முடியாவிட்டால், அகதியாக வந்தவருக்கு முதலில் கட்டுங்கள்.

ஊர்க் குடியுரிமை போய்விடுமே என்ற கவலை நியாயமானது, அதை நான் தள்ளிவிடமாட்டேன். வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்பவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். ஆனால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தெரிவு உண்மையிலேயே கடினம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பிறகு பெறக்கூடிய வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டையில் வாக்குரிமையும் இல்லை, விவசாய நிலம் வாங்கும் உரிமையும் இல்லை. பெற்றோரின் கடைசிக் காலத்தில் ஊருக்கே திரும்பிவிட எண்ணியிருக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பொறியாளர், எல்லாவற்றையும் யோசித்து, அட்டையை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பது முற்றிலும் சரியான முடிவாக இருக்கலாம். அவரை நான் வற்புறுத்துவதில்லை. யோசிக்காமலே புதுப்பித்துக்கொண்டிருப்பவர்களைத்தான் வற்புறுத்துகிறேன்.

அட்டையைப் புதுப்பிக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அட்டை முடிய ஒன்பது மாதங்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பியுங்கள், விமானச்சீட்டு வாங்கிய பிறகு அல்ல. மூன்று மாதங்களுக்குள் பயணம் செய்ய வேண்டிய அவசரம், மரணமோ கடும் நோயோ இருந்தால், சான்றுகளோடு துரித பரிசீலனை கேட்கலாம். வீடு மாறினால் முகவரியை அறிவியுங்கள். ஒவ்வொரு பயணத்தின் திகதியையும் போய்வந்த அன்றே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பழைய கடவுச்சீட்டுகளை எறியாதீர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் 1,095 நாட்கள் முடிந்த அன்றே அனுப்பாமல், கணக்கில் தவறு நேர்ந்தாலும் தாங்கும் அளவுக்குச் சில வாரங்கள் கூடுதலாக விட்டு அனுப்புங்கள். ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு, கடமைப்பட்டிருந்தால், வருமான வரி தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது பயணம் செய்யலாம், ஆனால் திரும்பிவர அப்போதும் செல்லுபடியாகும் பி.ஆர். அட்டை தேவை. இரண்டையும் ஒன்றாக விண்ணப்பிப்பதன் பயன் இங்கேதான். உங்களுக்காகப் படிவம் நிரப்புபவர் சட்டத்தரணியா, அல்லது குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியின் பதிவேட்டில் பெயர் உள்ளவரா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றே உங்கள் பி.ஆர். அட்டை செல்லாததாகிவிடும். அன்றிலிருந்து விமானத்தில் கனடாவுக்குத் திரும்பிவரக் கனேடியக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்குக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வந்ததும் மகிழ்ச்சியில் அடுத்த வாரத்துக்கு விமானச்சீட்டு எடுத்துவிடாமல், கடவுச்சீட்டு கையில் வந்த பிறகு எடுங்கள்.